உங்களுக்குத் தெரியுமா? சுவரொட்டியில் வாழும் குளியல் மாளிகை

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், பசிபிக் கடலோரப் பாறைச் சரிவில் 1896-இல் திறக்கப்பட்டது சுட்ரோ குளியல் மாளிகை. நகர மேயர் அடால்ஃப் சுட்ரோ, எளிய மக்களும் வந்து மகிழ வேண்டும் என்று இதைக் கட்டினார். சுற்றிப் பார்க்க 10 சென்ட், நீந்த 25 சென்ட் கட்டணம்.

மாளிகையை விளம்பரப்படுத்திய வண்ணச் சுவரொட்டி கல்லச்சு முறையில் உருவானது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லில் படம் தீட்டி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது அம்முறை. பரந்த கண்ணாடிக் கூரையும் அதன் கீழ் நீந்துவோர் கூட்டமும் சுவரொட்டியில் கண்ணைப் பறிக்கும்.

படம் காட்டிய பிரம்மாண்டம் மிகையல்ல. மொத்தம் 7 குளங்கள்: ஆறில் கடல்நீர், ஒன்றில் நன்னீர். கடல்நீர்க் குளங்கள் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தன. கடல் பொங்கும் ஓத நேரத்தில் அலைநீரே உள்ளே பாய்ந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குளங்களை நிரப்பியது. வாடகைக்கு 20,000 நீச்சலுடைகளும் 40,000 துண்டுகளும் இருந்தன.

ஆனால், அந்த வாசல் எல்லோருக்கும் திறக்கவில்லை. 1897-இல் ஜான் ஹாரிஸ் என்ற கறுப்பினத்தவருக்குக் குளத்தில் இறங்க அனுமதி மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்து வென்றார்.

பராமரிப்புச் செலவு தாங்காமல் மாளிகை நலிந்தது. 1966-இல், இடிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதே தீக்கிரையானது. எஞ்சிய அடித்தளச் சுவர்கள் இன்று தேசியப் பூங்காப் பகுதியாகப் பாதுகாக்கப்படுகின்றன.