இரவு ரத்தமும் இருபது எழுத்தும்

ராத்திரி எட்டு மணிக்கு மேல் சுகாதாரப் பணியாளர்கள் கதவைத் தட்டி, "ரத்தம் எடுக்க வந்திருக்கோம்" என்பார்கள். பகலில் வரக்கூடாதா என்று சலித்துக்கொண்டால், குறை அவர்களுடையதல்ல, புழுவினுடையது. யானைக்கால் நோயின் நுண்புழு பகலெல்லாம் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருந்து, கொசு கடிக்கும் நேரம் பார்த்துத்தான் தோலடி ரத்தத்துக்கு வரும். விரலில் குத்தி 20 கன மில்லிமீட்டர் ரத்தம். கண்ணாடித் தகட்டில் பூச்சு. பிறகு நுண்ணோக்கியில் மணிக்கணக்காகத் தேடல். கொசுவில் புழு இருக்கிறதா என்று அறிய, ஒவ்வொன்றாக ஊசியால் பிளந்து பார்த்தார்கள்.

புதுச்சேரிச் சாக்கடைகள் இந்தப் புழுவைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசுவுக்குத் தாய்வீடு. 1975-ல் இங்கே வந்த ஐ.சி.எம்.ஆர். நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை, மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல் மக்களையும் சேர்த்துக்கொண்டு ஊரையே சோதனைக் களமாக்கியது.

பின்னாளில் அதே மையத்தினர் தஞ்சை மாவட்டத்தில் பிடித்த கொசுக்களில் இருபது, இருபத்தைந்தை ஒரே குழாயில் போட்டு அரைத்து, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். அதைத் துருவுவதும் டி.என்.ஏ.தான்: ஏறக்குறைய இருபது எழுத்து நீளத்தில், வேண்டியபடி எழுதிச் செய்த துண்டுகள். இரண்டு துண்டுகள் (பிரைமர்) புழுவின் மரபுப் பகுதிக்கு இருபுறமும் ஒட்டும். நடுவில் ஒட்டும் மூன்றாவதன் ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அதன் வாயை அடைக்கும் மூலக்கூறு. நகலெடுத்துக்கொண்டே வரும் நொதி வழியில் இதை வெட்டிவிட, சாயம் விடுபட்டு ஒளிர்கிறது. பரம்பரையைச் சுமக்கும் ஏடு என்று பள்ளியில் படித்த டி.என்.ஏ., இங்கே கூலிக்கு வேலை செய்கிறது! ஆனால் புழு உயிரோடிருந்ததா என்று அது சொல்லாது. அந்த ஒன்றில் பழைய நுண்ணோக்கியே மேல்.

அடுத்த கட்டம் காகிதம். 2020-ல் டெல்லி ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகத்தில் தேபஜ்யோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைத்தி குழு, கரோனாவுக்கு, இலக்கு எழுத்துகளைத் தேடி ஒட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வைக் கொண்டு காகிதப் பட்டைச் சோதனை செய்தது. அதற்கு வைத்த பெயர், சத்யஜித் ராயின் துப்பறிவாளர் ஃபெலூடாவினுடையது. 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், ஜிகா வைரஸைச் சந்தித்தால் மட்டும் மடிப்பு அவிழும் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு காகிதச் சோதனை செய்தார்கள். என் ஓட்டு காகிதத்துக்குத்தான்: டி.என்.ஏ.வை நகலெடுக்கும் இயந்திரம் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது, கொசு தெருவில் இருக்கிறது.

அந்தக் கொசுவைப் பொறிக்கு வரவழைக்க மட்டும் இன்றைக்கும் வைக்கோல் ஊறிய நாற்றத் தண்ணீர்தான்.