காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கை மேலாண்மை

காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கை மேலாண்மை என்பது, பாலிசிதாரர் தமக்கு நேர்ந்த இழப்பைத் தெரிவித்தது முதல், அதற்குரிய தொகை வழங்கப்படும் வரை அல்லது மறுக்கப்படும் வரை காப்பீட்டு நிறுவனம் செய்யும் பணிகளைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது 'கிளைம்' எனப்படுகிறது. இக்கட்டுரை இந்திய நடைமுறையை விளக்குகிறது.

படிநிலைகள்

1. அறிவித்தல்: இழப்பு நேர்ந்ததும் பாலிசிதாரர் நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறார்.
2. சரிபார்த்தல்: அந்நாளில் பாலிசி நடப்பில் இருந்ததா, நேர்ந்த இடர் அதில் அடங்குமா என்று நிறுவனம் பார்க்கிறது.
3. மதிப்பிடுதல்: இழப்பின் அளவு கணக்கிடப்படுகிறது.
4. முடிவு: தொகை வழங்கப்படுகிறது, அல்லது காரணம் காட்டி மறுக்கப்படுகிறது.

பொதுக் காப்பீட்டில், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட இழப்புகளை உரிமம் பெற்ற சர்வேயர் மதிப்பிட வேண்டும் என்று 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம் கூறுகிறது. சர்வேயரின் அறிக்கை முக்கியச் சான்று. எனினும் அது இறுதியானதோ மாற்ற முடியாததோ அன்று என 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

பொருளின் மதிப்பைக் குறைத்துக் காட்டிக் காப்பீடு செய்வதும் தொகையைக் குறைக்கும். சராசரி விதி உள்ள பாலிசியில், 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சரக்கு 5 லட்சத்துக்கு மட்டுமே காப்பீடு செய்யப்பட்டிருந்தால், 2 லட்சம் இழப்புக்கு 1 லட்சமே கிடைக்கும்.

பேரிடர்க் காலம்

வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றின்போது ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் ஒரே நேரத்தில் குவிகின்றன. சர்வேயர்கள் போதாமல் போகிறார்கள். மக்களின் ஆவணங்களும் அழிந்துவிடுகின்றன. எனவே நிறுவனங்கள் வெளியூர் சர்வேயர்களை வரவழைத்து, ஆவணத் தேவைகளைத் தளர்த்துகின்றன. பெருந்தொகைச் சுமையின் ஒரு பகுதியை மறுகாப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கின்றன.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. நீர் புகுந்த எஞ்சினை இயக்கினால் உள்பாகங்கள் வளைந்து பழுதாகும். இதை வெள்ளத்தின் நேரடிச் சேதமாகக் கொள்ளாமல், ஓட்டியவர் செயலால் வந்த தொடர்விளைவாகக் கருதி நிறுவனங்கள் மறுப்பதுண்டு. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு பெரும்பாலும் இத்தகைய சேதத்துக்காகவே எடுக்கப்படுகிறது. மூழ்கிய வண்டியை இயக்காமல், நீர் நின்ற உயரத்தைப் படமெடுத்து, இழுவை வண்டி மூலம் பணிமனைக்குக் கொண்டு செல்வதே கோரிக்கையைக் காக்கும்.

உயிரிழப்பில் சிக்கல் வேறு. காணாமல் போனவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்க ஏழாண்டுகள் ஆகும். உடல் கிடைக்காத குடும்பங்கள் அதுவரை ஆயுள் காப்பீட்டுத் தொகையைப் பெற இயலாது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், அவ்வளவு காலம் காத்திராமல் இறப்புச் சான்றிதழ் வழங்கத் தனி நடைமுறை வகுக்கப்பட்டது.

மறுப்பும் வழக்கும்

மறுப்புக் கடிதம் வந்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ஓராண்டுக்குள் அணுக வேண்டும். கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாலிசிதாரர் அதை ஏற்காமல் வேறு மன்றத்துக்குச் செல்லலாம்.

நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். சாலை விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடுவர்.

நீதிமன்றங்கள் வகுத்த இரண்டு நெறிகள் குறிப்பிடத்தக்கவை. பாலிசியின் சொல் இருபொருள் தந்தால், பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளே கொள்ளப்படும். 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில், சாலையில் சென்ற புல்டோசர் ஏற்படுத்திய அதிர்வால் கட்டடம் சேதமடைந்திருந்தது. வாகனம் நேரடியாக மோதாவிட்டாலும் அது 'தாக்கம்' என்ற சொல்லில் அடங்கும் என நீதிமன்றம் கூறியது. அடுத்து, திருட்டு குறித்துக் காவல்துறையில் உடனே புகார் அளித்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்ததை மட்டும் காட்டி வாகனக் கோரிக்கையை மறுக்கலாகாது என 2020இல் தீர்ப்பளிக்கப்பட்டது.

ஆயுள் காப்பீட்டில், பாலிசி தொடங்கி மூன்று ஆண்டுகள் கடந்தபின் எக்காரணம் கொண்டும் அதன் செல்லுபடியைக் கேள்விக்குட்படுத்த முடியாது எனக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கூறுகிறது.

எந்த மன்றத்தை முதலில் நாடுவது என்பதும் முக்கியம். அதே பிரச்சினை நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால், குறைதீர்ப்பாளர் அதை ஏற்கமாட்டார். செலவில்லாத அவ்வழியைப் பயன்படுத்த விரும்புவோர், வழக்குத் தொடுப்பதற்கு முன்பே அவரை அணுக வேண்டும்.