புளியங்கொட்டையும் அணுவின் ஆயுளும்

"அரை ஆயுட்காலம்" என்னுஞ் சொற்றொடர் மாணவரை எளிதில் மயக்குவதொன்று. ஒருவனுடைய ஆயுளிற் பாதி கழிந்தால் எஞ்சியிருப்பது மற்றைப் பாதியே. ஆகவே 8 நாளில் அரைப்பங்கு தேயும் பொருள் 16 நாளில் முற்றாக ஒழிந்துவிடும் என்று மாணவன் எண்ணுகின்றான். தமிழ்மூலம் விஞ்ஞானங் கற்பிப்போர் சொல்லைக் கொடுத்ததோடு அமையாது, அது குறிக்கும் பொருளையும் மாணவன் கையிற் கொடுத்தல் வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா, புளியங்கொட்டை போதும்.

வகுப்பை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, ஒரு பக்கம் உரைத்து வெண்மையாக்கிய கொட்டைகள் 128ஐ ஒவ்வொரு குழுவிற்குங் கொடுக்க. இரு பக்கமும் ஏறத்தாழ ஒப்ப விழுகின்றனவா என்பதை முதலிற் பலமுறை எறிந்து சோதித்தல் நன்று. பின்னர்ச் சிரட்டையிலிட்டுக் குலுக்கி மேசைமேற் கொட்டுக. வெள்ளை மேலாக விழுந்தவை தேய்ந்த அணுக்கள். அவற்றை அகற்றி, அத்தனை சிறு கற்களை ஒருபுறம் வைக்க. தேய்ந்த அணு இல்லாதொழிவதில்லை, வேறொரு மூலகமாக மாறுகின்றது என்பதை அக்கற்கள் நினைவூட்டும். எஞ்சிய கொட்டைகளை மீண்டும் எறிந்து, ஒவ்வொரு முறையும் எஞ்சும் தொகையை வரைபிற் குறிக்க.

முதலெறிவில் 64 எஞ்சும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் ஒரு குழுவிற்கு 58 வரும், மற்றொன்றிற்கு 70 வரும். எட்டுக் குழுக்களின் எண்களையுங் கூட்டினால் 1024 கொட்டைகளாகும்; அவற்றின் வரைபு 512, 256, 128 என்ற ஒழுங்கை நெருங்கிச் செல்லும். எந்தக் கொட்டை அடுத்து விழும் என்பதை எவருஞ் சொல்லுதல் இயலாது. எத்தனை விழும் என்பதையோ ஏறத்தாழச் சொல்லலாம். ஒரு சிறு துணிக்கையிலே கோடானுகோடி அணுக்கள் இருத்தலால், இயற்கையின் கணக்கு இன்னுந் திருத்தமாக அமைகின்றது.

இங்கே ஒரு வினா எழுப்புக: ஐந்து எறிவிலுந் தப்பிய கொட்டை ஆறாம் எறிவில் விழுவதற்குக் கூடிய வாய்ப்புளதா? இல்லை. கொட்டைக்கு மூப்பில்லை, அணுவுக்கும் அவ்வாறே. ஆகவேதான் இரண்டாம் எறிவு எல்லாவற்றையும் அகற்றாது, எஞ்சியதிற் பாதியையே அகற்றுகின்றது. கொட்டைக்குப் பதிலாகத் தாயக்கட்டையை எறிந்து, ஆறு முகங்களுள் ஒன்று காட்டியவற்றை மட்டும் அகற்றினால், பாதியாதற்கு ஏறத்தாழ 3.8 எறிவு வேண்டும். அரை ஆயுட்காலம் பொருளுக்குப் பொருள் வேறுபடுதல் இவ்வாறு விளங்கும்.

இவ்வொழுங்கை 1900ஆம் ஆண்டிலே கனடாவின் மொன்றியல் நகரில் றதர்போட் கண்டார். தோரியத்திலிருந்து வெளிப்படும் வாயுவின் கதிர்த்தொழிற்பாடு ஏறத்தாழ ஒரு நிமிடத்திற் பாதியாகியது. ஈழத்திற்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. கலைஞானியாகப் பின்னர் உலகறிந்த ஆனந்த குமாரசுவாமி, 1904இல் இலங்கையிலே தோரியனைற்று என்னுங் கனிப்பொருளைக் கண்டறிந்தார். அக்கனிப்பொருளை இலண்டனில் ஆராய்ந்த ஒட்டோ கான், 1905இல் இரேடியோதோரியத்தைக் கண்டார். தோரியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1400 கோடி ஆண்டு; இரேடியோதோரியத்திற்கோ ஏறத்தாழ 1.9 ஆண்டு.

இவ்வறிவு பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. தைரொயிட்டு நோய்க்கு மருந்தாகும் அயடீன்-131 இன் அரை ஆயுட்காலம் 8 நாள். உடல் கழித்தகற்றுவதைக் கணக்கிடாவிடினும், 80 நாளில் அதில் 1024இல் ஒரு பங்கே எஞ்சும். அங்கே வீணச்சம் வேண்டா. 1986இற் செர்னோபில் விபத்திலே சிதறிய சீசியம்-137 இற்கோ அது 30 ஆண்டு. 2016இல் அதிற் பாதி இருந்தது. 2046இலுங் காற்பங்கு இருக்கும். அங்கே அசட்டை ஆகாது. அஞ்சத்தக்கது எது, அஞ்சத்தகாதது எது என்று தெளிதற்கு இக்கணக்கே துணை.

பழைய மாணவராகிய தந்தையர் இதனைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளைகளுடன் செய்து பார்க்கலாம். சிரட்டையும் புளியங்கொட்டையும் இல்லாத வீடு நம்மூரில் அரிது.