தரமணியும் தண்ணீர்ப் பாட்டிலும்

தண்ணீர்ப் பாட்டிலின் மேல் நாம் காணும் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு உரிய இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம், நம் சென்னைத் தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இருக்கிறது. 2003 பிப்ரவரியில், தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், பாட்டில் தண்ணீரில் பூச்சிகொல்லி எச்சங்கள் இருப்பதாக வெளியிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் குளிர்பானங்களிலும் அவற்றைக் கண்டதாக அறிவித்தபோது, தேசமெங்கும் ஜனங்கள் கலங்கினார்கள், அக்கலக்கம் நியாயமானதே. அதன் பயனாக, பூச்சிகொல்லி எதுவாயினும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமுக்கும், அனைத்தும் சேர்ந்து 0.0005 மில்லிகிராமுக்கும் மிகலாகாது என்னும் கடுமையான வரம்பு, 2004 ஜனவரி முதல் பாட்டில் தண்ணீருக்கு விதிக்கப்பட்டது. கண்ணுக்கும் நாவுக்கும் அகப்படாத இந்தச் சூட்சும அளவைச் சோதனைக்கூடத்துக் கருவிகளே காட்டவல்லவை.

நீர் சுத்தமாயிருப்பது மட்டும் போதாது. அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கும் பரீட்சைக்கு உட்பட்டதே. சாதாரணக் குடிநீருக்குக் காய்ச்சி வடித்த நீரையும், புளிப்புப் பானத்துக்கு 3 சதவீத அசெட்டிக் அமிலத்தையும் பிரதிநிதியாகக் கொண்டு, அத்திரவம் பிளாஸ்டிக்கைத் தொட்டிருக்கும்படி 40 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் 10 நாட்கள் வைத்திருந்து, பிறகு அதைக் கிண்ணத்தில் வற்றச்செய்து, அடியில் தங்கும் மெல்லிய படிவை நிறுக்கிறார்கள். லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் படிவு நின்றால் அந்தப் பிளாஸ்டிக் உணவுக்கு ஆகாது. நமது கத்திரி வெயிலில், பாட்டில்களை நடைபாதையிலேயே அடுக்கிவைக்கும் வியாபாரிகள், அந்த 40 பாகையைச் சற்றே கருத வேண்டுகிறோம்.