மடியில் அமர்த்திக் கேட்ட கேள்வி

பொதுத்தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால், செங்கல்பட்டை அடுத்த செட்டிபுண்ணியம் திருத்தலத்தில் மாணவர் கூட்டம் அலைமோதும். கல்விக் கடவுளாம் ஸ்ரீயோக ஹயக்ரீவரின் திருவடியில் பேனாவையும் தேர்வு நுழைவுச்சீட்டையும் வைத்து வழிபட்டுப் பெற்றுச் செல்வர். உடன் வரும் பெற்றோர் பலரது வேண்டுதலோ ஓர் எண்ணில் அடங்கிவிடுகிறது: அறுநூற்றுக்கு எத்தனை?

அருகிலேயே சிங்கபெருமாள்கோவிலில் ஸ்ரீபாடலாத்ரி நரசிம்மர் எழுந்தருளியிருக்கிறார். அவர் சந்நிதியிலும் சற்று நின்று, பிரகலாதனின் பள்ளிப்பருவத்தைப் பெற்றோர் எண்ணிப் பார்ப்பது நலம்.

இரணியன் தன் மகனைச் சுக்கிராசாரியாரின் புதல்வர்களான சண்டன், அமர்க்கன் இருவரிடமும் கல்வி பயில விட்டான். பின்னர் மகனை மடியில் அமர்த்தி, உச்சி முகர்ந்து, கற்றவற்றுள் சிறந்தது எதுவென்று கேட்டான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். திருமாலிடம் செய்யும் பக்தியே சிறந்தது என்றான் மகன். எதிர்பார்த்த விடை வராததால், சினம் மூண்ட தந்தை, மகனை மடியிலிருந்து தரையில் தள்ளினான். கேள்வி கேட்கும் வரை இரணியனும் பாசமுள்ள தந்தையாகவே இருந்தான் என்பதே இங்கு நாம் கருத வேண்டியது.

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பிள்ளைகள் அஞ்சுவது மதிப்பெண்ணுக்கு மட்டுமன்று. அந்த மடி தமக்கு இல்லாமற்போகுமோ என்பதற்கும்தான். அந்த அச்சத்தில் உயிரையே மாய்த்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. மாணவரின் மன அழுத்தத்தைக் குறைக்கவே, தமிழக அரசு 2017 முதல் மாநிலத் தரவரிசை அறிவிப்பைக் கைவிட்டது. தேர்ச்சி பெறாதோர் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம். மனம் தளர்ந்தோர்க்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் ஆலோசனை கிடைக்கிறது. ஆயினும், இல்லத்தில் ஒலிக்கும் ஒப்பீட்டை எந்த அரசாணையும் நிறுத்த இயலாது.

மருத்துவமும் பொறியியலும் மட்டுமே கல்வி அல்ல. பாலிடெக்னிக்கோ, ஐ.டி.ஐ.யோ, தமிழ் இலக்கியமோ, பிள்ளை விரும்புவது எதுவென முதலில் கேட்டறிதல் வேண்டும். விடை எதுவாயினும் மடியிலிருந்து தள்ளாதிருக்கும் உறுதியோடு கேட்டல் வேண்டும்.

உக்கிரம் தணியாத நரசிம்மரின் திருவடியில் பிரகலாதன் விழுந்து வணங்கியபோது, பெருமான் அவனைத் தூக்கி நிறுத்தி, அவன் சிரசில் தம் திருக்கரத்தை வைத்தருளினார். தேர்வு முடிவைப் பார்க்கும் முன்பே பெற்றோரின் கரமும் பிள்ளையின் தலைமேல் இருக்கட்டும். சந்நிதியில் அதற்கான மனத்தையும் சேர்த்தே வேண்டிக்கொள்வோம்.