கடிகாரங்களின் ஒற்றுமை

காலந் தவறாமை நற்பண்பு என்பதை யாவரும் அறிவர். ஆயினும், ஒரு கடிகாரம் சிறிது பிழைபட்டால் உயிருக்கே ஊறு விளையக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1891-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்திலுள்ள கிப்டன் என்னும் சிற்றூரில் இரண்டு ரெயில் வண்டிகள் மோதின. விரைந்து வரும் அஞ்சல் வண்டிக்கு வழிவிட்டுப் பயணிகள் வண்டி கிளைப்பாதையில் ஒதுங்கியிருத்தல் வேண்டும். ஆனால், பயணிகள் வண்டியை ஓட்டியவரின் சட்டைப்பைக் கடிகாரம் இடையில் நான்கு நிமிடம் நின்று, மீண்டும் ஓடியதாம். இன்னும் நேரம் உண்டு என்று நம்பி அவர் வண்டியைச் செலுத்தினார். பணியாளர் பலர் மாண்டனர். இதன் பின்னர், வெப் பால் என்னும் கடிகார வணிகரின் மேற்பார்வையில் புதிய விதிகள் எழுந்தன. ரெயில்வேப் பணியாளரின் கடிகாரம் ஒரு வாரத்தில் 30 வினாடிக்கு மேல் முந்துதலும் கூடாது, பிந்துதலும் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

அக்காலத்திற்கு அந்த அளவு போதியதாக இருந்தது. இன்றோ, ஓட்டுநர் இன்றித் தாமே செல்லும் மோட்டார் வண்டிகள் அமெரிக்காவின் சில நகரங்களில் ஓடுகின்றன. அவற்றுக்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குப் பிழையும் பெரும் பிழையே ஆகும். அது ஏன் என்பதைக் காண்போம்.

ஓட்டுநர் இல்லாத வண்டிக்குக் கண்கள் பல. காமிரா, பொருள்களின் வடிவையும் நிறத்தையும் காண்கின்றது. ரேடார், வானொலி அலைகளை அனுப்பித் தொலைவையும் வேகத்தையும் அறிகின்றது. லைடார் என்னும் கருவி, ஒளிக்கதிர்களை வீசி அவ்வாறே தொலைவை அளக்கின்றது. இவை தரும் செய்திகளை ஒன்றுசேர்த்து, எப்பொழுது திரும்புவது, எப்பொழுது நிற்பது என முடிவு செய்வது கணிப்பொறியின் வேலை. செய்தி ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்னும் குறிப்பைத் தாங்கியே வருகின்றது. அந்நேரத்தைக் குறிப்பவை, கருவிகளுக்குள் தனித்தனியே அமைந்த கடிகாரங்கள்.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு வினாடியில் 20 மீட்டர் கடக்கும். இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் தம்முள் 0.1 வினாடி வேறுபட்டன எனக் கொள்வோம். சாலையைக் கடக்கும் சிறுவன் ஒருவன் 20 மீட்டர் தொலைவில் உள்ளான் என ஒரு கருவி கூறும். 18 மீட்டர் தொலைவில் உள்ளான் என மற்றொன்று கூறும். இரண்டு கருவிகளும் பழுதற்றவையே, கண்டதையே கூறுகின்றன. ஆயினும், அங்கு நிற்பவன் ஒருவனா இருவரா, எச்சொல்லை நம்புவது எனக் கணிப்பொறி தடுமாறும். அத்தடுமாற்றத்தில் அச்சிறுவனின் உயிர் ஊசலாடும் அன்றோ?

கடிகாரங்களைக் காலையில் ஒருமுறை சரிசெய்துவிட்டால் மாலைவரை ஒத்திருக்கும் என எண்ணுதல் கூடாது. அவற்றை இயக்கும் படிகங்கள் வெப்பத்தாலும் முதுமையாலும் சிறிது மாறுபடும். பத்து இலட்சத்தில் 50 பங்கு பிழைபடும் படிகம், ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி பிறழ்ந்துவிடும். ஆகவே, அவற்றை இடைவிடாது திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும்.

திருத்தும் முறையை ஓர் உவமையால் விளக்கலாம். அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றனர். அண்ணன் தன் கடிகாரத்தில் 10 மணி ஆகும்பொழுது ஓர் ஆளை அனுப்புகின்றான். அவ்வாள் சென்று சேரும்பொழுது தம்பியின் கடிகாரம் 10 மணி 7 நிமிடம் காட்டுகின்றது. அது 10 மணி 10 நிமிடம் காட்டும்பொழுது தம்பி அவனைத் திருப்பி அனுப்புகின்றான். அவன் வந்து சேரும்பொழுது அண்ணனின் கடிகாரத்தில் 10 மணி 13 நிமிடம். போவதற்கு 7 நிமிடம். வருவதற்கு 3 நிமிடம்! ஒரே வழியை ஒரே நடையில் நடந்தவனுக்கு இரண்டும் ஐந்தைந்து நிமிடமாதல் வேண்டும். எனவே, தம்பியின் கடிகாரம் 2 நிமிடம் முந்தியுள்ளது என்பது தெளிவு. ஆள் வழியில் எங்கேனும் தங்கியிருந்தால், அந்நேரத்தையும் கணக்கிட்டுக் கழித்தல் வேண்டும்.

வண்டியினுள்ளும் இதுவே நிகழ்கின்றது. ஒன்று தலைமைக் கடிகாரம். ஏனையவை அதனைப் பின்பற்றுவன. ஆளுக்கு மாறாக மின்கம்பி வழியே குறிகள் சென்று மீள்கின்றன. இதற்குரிய நெறியை, மின், மின்னணுப் பொறியாளர் கழகம் 2002-ஆம் ஆண்டில் 1588 என்னும் எண்ணிட்டு வெளியிட்டது. அதன் வழிவந்த முறையில், தலைமைக் கடிகாரம் வினாடிக்கு 8 முறை நேரத்தை அறிவிப்பது வழக்கம். இதனால், ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கடிகாரங்கள் ஒத்து நிற்கின்றன.

தலைமைக் கடிகாரம் செயற்கைக் கோள்களிடமிருந்து உலக நேரத்தைப் பெறுவதும் உண்டு. மலைக்குகைப் பாதையில் அவற்றின் குறி எட்டாது. அப்பொழுதும் வண்டியிலுள்ள கடிகாரங்கள் தமக்குள் ஒத்திருப்பின், வண்டி ஒருமித்த பார்வையை இழப்பதில்லை.

தனித்தனியே கூரிய கண்கள் இருந்தால் மட்டும் போதாது. அவை கண்ட நேரத்திலும் உடன்பாடு வேண்டும். பலர் கூடிச் செய்யும் பணி எதற்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.