வான்வழித் தூரமும் பயண நேரமும்

கொத்மலைத் தோட்டமொன்றிலே முதியவரொருவர் காலமானால், இலண்டனிலுள்ள மகன் முகம் பார்க்க எப்போது வந்து சேருவான் என்பதே முதற் கேள்வியாகின்றது. அதனைக் கணிக்கும் முறையை ஈண்டு நோக்குவோம்.

இலண்டனுக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். உருண்டையான பூமியின்மீது அமையும் மிகக் குறுகிய வளைகோட்டின் அளவு இது. இடையில் நில்லாத விமானம் இதனைப் பத்தரை மணியளவிற் கடக்கும். மேற்கே திரும்பிச் செல்லுகையில் எதிர்க்காற்றினாற் சற்று மிகும்.

தூரம் மட்டும் நேரத்தைக் கூறாது. 1943 முதல் 1945 வரை கொக்கலை ஏரிக்கும் பேர்த் நகருக்கும் இடையே பறந்த கற்றலினா கடல்விமானங்கள், ஏறத்தாழ 5,600 கிலோமீற்றரைக் கடக்க 27 முதல் 33 மணி வரை எடுத்தன. பயணிகள் வானிலேயே இரு சூரியோதயங்களைக் கண்டனர்.

கடிகாரமும் நம்மை மயக்கும். மாரிக்காலத்தில் இலங்கை நேரம் இலண்டனுக்கு ஐந்தரை மணி முந்தியது. கோடையில் நாலரை மணி. மாரியில் அங்கு இரவு 8 மணிக்குப் புறப்படுபவன் இங்கு இறங்குவது மறுநாள் நண்பகல் 12 மணிக்கு. பதினாறு மணி கழிந்ததாகத் தோன்றினும், பறந்தது பத்தரை மணியே. புறப்படும் நேரத்தை இலங்கை நேரமாக மாற்றிய பின்னரே கணக்கிடல் வேண்டும்.

கணக்கு ஆங்கு முடிவதன்று. கட்டுநாயக்காவிலிருந்து கொத்மலை நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீற்றரே. வளைந்தேறும் மலைப்பாதையிலோ நான்கு மணியளவு செல்லும். மழைநாளில் மண் சரிந்தால் இன்னும் மிகும். ஆகலின், நண்பகலில் இறங்கும் மகனுக்காக அடக்கத்தை மறுநாட் காலைக்குக் குறித்தலே தக்கதாம்.